வடதுருவ ஒளியைக் காணக் குடும்பத்தோடு எப்போது செல்வது? காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை, மார்ச் மாதம்: ஓர் ஒப்பீடு

பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் உள்ள வீட்டில் நெடும்பயணம் என்றாலே ஏப்ரல், மே மாதங்கள்தான் நினைவுக்கு வரும். என் தம்பியும் அப்படித்தான் கேட்டான். மனைவி, ஐந்து வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள், மாமியார் ஆகியோரை அழைத்துக்கொண்டு மே விடுமுறையில் நார்வேயின் ட்ரோம்சோ நகருக்குப் போனால் துருவ ஒளியைப் பார்க்க முடியுமா என்பது அவன் கேள்வி. முடியாது என்பதே விடை. அந்நகரம் ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், மே 20 வாக்கில் தொடங்கி ஜூலை 22 வாக்கில் முடியும் இரண்டு மாதங்களில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்தே நள்ளிரவிலும் வானம் முழுமையாக இருள்வதில்லை. ஆகவே நம் கோடை விடுமுறையை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டியிருக்கிறது. மிஞ்சுவன மூன்று: செப்டம்பர் இறுதியில் தொடங்கும் காலாண்டு விடுமுறை, டிசம்பர் இறுதியில் வரும் அரையாண்டு விடுமுறை, பள்ளியில் விடுப்புக் கேட்டுப் போக வேண்டிய பிப்ரவரி, மார்ச் மாதங்கள். முதல் இரண்டிலும் அம்மாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு போய்வந்தவன் என்ற முறையில், தம்பிக்குச் சொன்னவற்றையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

துருவ ஒளிக்குப் பருவம் கிடையாது என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தால் வழிநடத்தப்பட்டுத் துருவங்களைச் சுற்றிய வளையத்தில் வளிமண்டலத்தோடு மோதுகின்றன. 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஆக்சிஜன் பச்சையாகவும், 200 கிலோமீட்டருக்கு மேலே அதே ஆக்சிஜன் சிவப்பாகவும் ஒளிர்கிறது. இது ஜூன் மாத நண்பகலிலும் நடந்துகொண்டேதான் இருக்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. அதனால் எந்த மாதத்தில் ஒளி அதிகம் என்று தேடுவதைவிட, எந்த மாதத்தில் நம் வீட்டுச் சிறுபிள்ளையும் பெரியவரும் விழித்திருக்கும் நேரத்தில், அவர்கள் உடம்பு தாங்கும் குளிரில், மேகமில்லாத இருண்ட வானம் கிடைக்கும் என்று தேடுவதே பயனுள்ள வழி. பயண நிறுவனங்களின் விளம்பரங்களில் ஒளியின் வலிமை குறித்த எண்களைத்தான் காண்கிறோம். உறங்கும் நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

டிசம்பரிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பெரும்பாலோர் முதலில் தேர்ந்தெடுப்பதும், நாங்கள் முதலில் தேர்ந்தெடுத்ததும் அதுதான். நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை ட்ரோம்சோவில் சூரியன் அடிவானத்துக்கு மேலே எழுவதில்லை. இருட்டு எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு வாய்ப்பும் அதிகம் என்று கணக்குப் போட்டுத்தான் நாங்களும் டிக்கெட் எடுத்தோம். அந்தக் கணக்கில் உண்மை இல்லாமல் இல்லை. மாலை நான்கு மணிக்கே வானம் தயாராக இருக்கிறது. நண்பகலை ஒட்டிய சில மணி நேரம் வானமும் பனியும் நீலமும் ரோஜா நிறமுமாகத் தோன்றும் அந்த அரைவெளிச்சத்தைச் சூரியன் எழாத இந்த வாரங்களில்தான் பார்க்க முடியும். நவம்பர் முதல் ஜனவரி வரை ஹெர்ரிங் மீன் கூட்டத்தைத் தொடர்ந்து ஷெர்வோய் தீவை ஒட்டிய கடற்கழிகளுக்குத் திமிங்கிலங்கள் வருகின்றன. இவை எல்லாம் டிசம்பரின் பக்கம் நிற்கும் உண்மைகள்.

ஆனால் அது ஐந்து இரவுப் பயணம். அவற்றுள் நான்கு இரவுகளில் மேகமும் பனிப்பொழிவும் விலகவே இல்லை. வளைகுடா நீரோட்டத்தின் நீட்சியான வெதுவெதுப்பான கடல்நீர் அந்தக் கரையை அணைத்துக்கொண்டிருப்பதால், அத்தனை வடக்கில் இருந்தும் ட்ரோம்சோவின் ஜனவரிச் சராசரி வெப்பநிலை மைனஸ் 3, 4 டிகிரி அளவில்தான் இருக்கிறது. அதே கடல்தான் ஈரக் காற்றையும் மேகத்தையும் கொண்டுவருகிறது. மேகத்திலிருந்து விலகி உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளை நோக்கிச் சிற்றுந்தில் அழைத்துச் செல்லும் பயணம் ஒன்றில் மூன்றாம் இரவு சேர்ந்தோம். மாலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, ஷிபோத்ன் பள்ளத்தாக்கை நோக்கி இரண்டு மணி நேரத்துக்கும் மேல் சென்று, வழியில் மூன்று இடங்களில் இறங்கி ஏறி, வானத்தில் ஓர் இடைவெளி கிடைத்தபோது இரவு பதினொன்றரை ஆகியிருந்தது. ஏழு வயது மகள் பத்து மணிக்கே தூங்கிவிட்டாள். தூக்கத்திலிருந்து எழுப்பி, குளிர்காப்பு உடையின் சிப்பை ஏற்றி, பூட்ஸை மாட்டி, கையுறையின் ஒரு விரலுக்குள் இரண்டு விரல்கள் சிக்கிக்கொண்டதைச் சரிசெய்து வெளியே தூக்கி வருவதற்குள் அவள் அழத் தொடங்கிவிட்டாள். பச்சைத் திரை தலைக்கு மேலே அசைந்துகொண்டிருந்தது. அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். விடுதிக்குத் திரும்பியபோது அதிகாலை இரண்டரை. சில நிறுவனங்கள் சிறு குழந்தைகளை இத்தகைய பயணங்களில் சேர்ப்பதே இல்லை. அதைக் கெடுபிடி என்று முன்பு நினைத்த நான், இப்போது நியாயம் என்றே சொல்வேன்.

அம்மாவுக்கு வேறு தொல்லை. பகலில் சற்று உருகி இரவில் மீண்டும் உறையும் கடற்கரை ஊர் என்பதால் நடைபாதை கண்ணாடிபோல் வழுக்கும். பூட்ஸின் அடியில் மாட்டிக்கொள்ளும் இரும்புப் பற்கள் அங்கே மருந்துக்கடையிலும் மளிகைக்கடையிலும் கிடைக்கின்றன. முதல் நாளே வாங்காமல் விட்டது என் தவறு. அறுபத்தாறு வயதில், எங்கே வழுக்கிவிடுமோ என்ற அச்சத்தோடு, என் கையைப் பிடித்தபடி தரையைப் பார்த்தே நடந்தார். வானத்தைப் பார்த்த நேரம் குறைவு. போதாததற்கு டிசம்பர் 24 பிற்பகலிலிருந்து 26 வரை பெரும்பாலான கடைகளும் உணவகங்களும் அடைக்கப்பட்டிருக்கும். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால்பொருள்களும் கொண்டுவர அந்நாடு அனுமதிப்பதில்லை என்பதால் நெய்யும் பால்கோவாவும் கொண்டுபோக முடியாது. நாங்கள் எடுத்துச் சென்ற புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியுமே அந்த மூன்று நாள்களுக்கும் கைகொடுத்தன. விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் ஆண்டின் உச்சத்தை ஒட்டி இருக்கும் காலமும் அதுவே.

இரண்டாம் முறை, இரண்டு ஆண்டுகள் கழித்து, காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு செப்டம்பர் இறுதியில் புறப்பட்டோம். இந்தப் பருவத்தைத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் ஏன் அதிகம் கண்டுகொள்வதில்லை என்று எனக்கு வியப்பாக இருக்கிறது, ஏனெனில் நம் பள்ளி நாள்காட்டியும் வடக்கு வானமும் இவ்வளவு நன்றாகப் பொருந்துவது இந்த ஒரு விடுமுறையில்தான். செப்டம்பர் 28 வாக்கில் ட்ரோம்சோவில் மாலை ஆறேகால் அளவில் சூரியன் மறைகிறது. எட்டு, எட்டேகால் மணிக்கெல்லாம் ஒளி தெரியும் அளவுக்கு வானம் இருண்டுவிடுகிறது. ஒவ்வொரு நாளும் பகல் எட்டு, ஒன்பது நிமிடம் குறைந்துகொண்டே போவதால், அக்டோபர் முதல் வாரத்தில் இது எட்டு மணிக்கும் முன்னதாகிவிடும். இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஒன்பது, பத்து மணி வரை விழித்திருக்கும் பிள்ளைக்கு இதுவே போதும். வெப்பநிலை பெரும்பாலும் 5 டிகிரியை ஒட்டி இருக்கும். ஊட்டியின் டிசம்பர் இரவைத் தாங்கியவர்களால் இதையும் தாங்க முடியும். சாலையில் பனி இல்லாததால், சர்வதேச ஓட்டுநர் அனுமதியோடு நானே காரை வாடகைக்கு எடுத்து ஓட்டினேன். 135 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைகளுக்கு அங்கே தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். அதை முன்பதிவிலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

நகருக்கு மேற்கே உள்ள குவாலோயா தீவில், எர்ஸ்ஃபியூர் கடற்கழியின் கரையில் ஒரு வீட்டை எடுத்துத் தங்கினோம். இரண்டு இரவுகள் மழை. மூன்றாம் இரவு ஒன்பது மணிக்கு, ஸ்வெட்டருக்கு மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றிருந்த அம்மா, மலை உச்சியில் யாரோ சருகைக் கொளுத்துகிறார்கள் போலிருக்கிறது என்றார். வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை மட்டுமே தெரிந்தது. புகைப்படங்களில் காணும் பச்சையைக் கேமராதான் முதலில் பிடிக்கிறது, கண்ணுக்கு அது புகையாகத்தான் தொடங்குகிறது. பத்து நிமிடத்தில் அந்தப் புகை பச்சையாகி, நடுவில் பிளந்து, அடிவிளிம்பில் ரோஜா நிறம் ஓட, கடற்கழியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நகர்ந்தது. அதன் நிழல் முழுவதும் தண்ணீரிலும் அசைந்தது. மகள் வீட்டுக்குள் ஓடி ஒரு கோப்பைப் பாலைக் குடித்துவிட்டு மீண்டும் வெளியே வந்து பார்த்தாள். வாசலுக்கும் வானத்துக்கும் இடையே அந்த ஐந்தடித் தூரம் மட்டுமே இருந்ததை, முந்தைய பயணத்தின் எட்டரை மணி நேரச் சிற்றுந்துப் பயணத்தோடு ஒப்பிடாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இதற்கு எதிராகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. ட்ரோம்சோவில் ஆண்டிலேயே அதிக மழை பெய்யும் மாதம் அக்டோபர். செப்டம்பர் இறுதியும் ஈரமான காலமே. மலை உச்சிகளைத் தவிர வேறெங்கும் பனி இருக்காது. பனியில் சறுக்கிச் செல்லும் நாய் வண்டியும் கலைமான் வண்டியும் கிடையாது. பனியையே பார்த்திராத நம் பிள்ளைகளுக்கு, பனியில் புரள்வதும் பனிமனிதன் செய்வதும் துருவ ஒளிக்குச் சற்றும் குறைந்த மகிழ்ச்சி அல்ல. வாழ்வில் ஒரே ஒரு முறைதான் இந்தப் பயணம் என்று பணம் சேர்க்கும் குடும்பம் இந்தக் குறையை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது.

அத்தகையவர்களுக்கு உரியவை பிப்ரவரியின் பின்பாதியும் மார்ச்சும்தான். இந்தப் பருவத்தில் நான் சென்றதில்லை. நான் அறிந்தது, முன்பு நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கின் கடற்கரை ஊரொன்றில் மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்து இப்போது ஓஸ்லோவில் வசிக்கும் ஈழத்தமிழர் ஒருவரிடமிருந்து. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அந்த வடகரை மீன்பிடி ஊர்களில் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். நம்மவர்களில் அந்த வானத்தின் எல்லா மாதங்களையும் பார்த்தவர்கள் அவர்களே. ‘உறவுக்காரர் கேட்டால் மார்ச்சுக்குத்தான் வரச் சொல்வேன், அப்போது பகலும் இருக்கும், இரவும் இருக்கும்’ என்றார் அவர். கணக்கும் அதையே சொல்கிறது. பிப்ரவரி நடுவில் மாலை நான்கு மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறைந்து, ஆறு மணிக்கு வானம் இருண்டுவிடும்; ஐந்து வயதுப் பிள்ளைகூட உறங்குமுன் பார்த்துவிடலாம். மார்ச் 20 வாக்கில் சூரியன் மறைவது ஆறு மணிக்கு, இருள்வது எட்டு மணிக்கு. பகல் வெளிச்சத்தில் பனி விளையாட்டு, இரவில் ஒளி என இரண்டும் கிடைக்கும். மழையும் பனிப்பொழிவும் இலையுதிர்காலத்தைவிடப் பொதுவாகக் குறைவு. தரையில் பனியோ மிக ஆழமாகக் கிடக்கும். ட்ரோம்சோவில் பதிவான மிக அதிகப் பனி ஆழமான 240 சென்டிமீட்டர் 1997 ஏப்ரல் 29 அன்று அளக்கப்பட்டது என்பதைப் பார்த்தாலே, குளிர்காலத்தின் இறுதிவரை பனி சேர்ந்துகொண்டே போவது விளங்கும். பிப்ரவரி 6, அந்த வடபகுதியின் பழங்குடிகளான சாமி (Sámi) மக்களின் தேசிய நாள். அதையொட்டிய வாரத்தில் நகரின் முதன்மைத் தெருவிலேயே கலைமான் பந்தயம் நடக்கிறது. சாலைப் பனியும் வழுக்கலும் டிசம்பரைப் போலவே இருக்கும் என்றாலும், பகல் வெளிச்சத்தில் அம்மா போன்றவர்கள் கால்வைக்கும் இடத்தைப் பார்த்து நடக்க முடியும்.

தடை ஒன்றே, ஆனால் பெரியது: மார்ச் நமக்குத் தேர்வு மாதம். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ பிள்ளை இருக்கும் வீட்டில் இதைப் பேசவே முடியாது. இளநிலை வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகள் என்றால், பிப்ரவரியில் ஒரு வாரம் விடுப்புக் கேட்பதில் தவறில்லை என்பது என் கருத்து. தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துப் பேசினால் மறுப்பவர்கள் குறைவு.

மேகத்துக்கு அஞ்சுபவர்கள் மாதத்தை மாற்றுவதைவிட இடத்தை மாற்றுவது நல்லது. ட்ரோம்சோவின் ஆண்டு மழைப்பொழிவு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர். மலைத்தொடருக்கு மறுபக்கம் சுவீடனில் உள்ள அபிஸ்கோவில் அது 300 மில்லிமீட்டர் அளவே. மேற்கிலிருந்து வரும் ஈரக் காற்று நார்வேயின் மலைகளிலேயே தன் சுமையை இறக்கிவிடுவதுதான் காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் இருக்கும் நம் கம்பம், தேனிப் பக்கத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1899ஆம் ஆண்டில் நார்வே இயற்பியலாளர் கிறிஸ்டியன் பிர்க்கலன் துருவ ஒளியை ஆராயக் கூடம் அமைத்ததும் மேகம் சூழ்ந்த வெளிக்கரையில் அல்ல, மழை குறைந்த வடநார்வே ஊரான ஆல்ட்டாவை அடுத்த ஹால்டே மலையுச்சியில்தான். ஆனால் அபிஸ்கோவில் கடலின் வெதுவெதுப்பு கிடையாது. ஜனவரி, பிப்ரவரியில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போவது அங்கே அதிசயம் அல்ல. உடல் எடையோடு ஒப்பிடத் தோற்பரப்பு அதிகம் என்பதால் குழந்தைகளின் உடல்சூடு பெரியவர்களைவிட விரைவில் குறைகிறது. எனவே அபிஸ்கோவைச் செப்டம்பரோடும் மார்ச்சோடும் இணைக்கலாம். கடுங்குளிர் மாதங்களில் ஐந்து வயதுப் பிள்ளையோடு அங்கே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சம இரவு நாள்களை ஒட்டிய மார்ச், செப்டம்பர் மாதங்களில் புவிக்காந்தக் கொந்தளிப்பு சராசரியாகச் சற்று அதிகம் என்பதும் உண்மையே. சூரியக் காற்றின் காந்தப்புலமும் பூமியின் காந்தப்புலமும் அப்போது எதிரெதிர்த் திசையில் இணைவதற்கு வாய்ப்புக் கூடுகிறது என்று 1973ஆம் ஆண்டில் ரசல், மெக்பெரான் ஆகிய இரு விஞ்ஞானிகள் விளக்கினார்கள். என்றாலும் இது பல ஆண்டுகளின் சராசரி. ஒரு குடும்பத்தின் ஐந்து இரவுகளுக்கு இதை உத்தரவாதமாகக் கொள்ளக் கூடாது. அதேபோல, சூரியனின் கொந்தளிப்பு ஏறத்தாழப் பதினோர் ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறையும் சூரியச் சுழற்சி உச்சத்தைத் தாண்டிவிட்டது, உடனே போகாவிட்டால் வாய்ப்புப் போய்விடும் என்று அவசரப்படுத்துபவர்களையும் பொருட்படுத்த வேண்டாம். 2019 டிசம்பரில் தொடங்கிய 25ஆம் சுழற்சி 2024இல் உச்சக் கட்டத்தை எட்டியதும், அவ்வாண்டு மே மாதச் சூரியப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயிலேயே சிவப்பு ஒளி பதிவானதும் உண்மைதான். ஆனால் ட்ரோம்சோ துருவ ஒளி வளையத்துக்கு நேர்கீழே இருக்கும் ஊர். சூரியன் அமைதியாக இருக்கும் ஆண்டுகளிலும் அங்கே ஒளி தெரியும். பிள்ளைக்கு இப்போது மூன்று வயது என்றால், ஏழு வயதாகும்வரை பொறுத்திருப்பதால் இழப்பு எதுவும் இல்லை.

நிலவைப் பொறுத்தவரை நம் வீட்டு நாள்காட்டியே போதும். முழுநிலவு மங்கலான ஒளியை விழுங்கிவிடும் என்பதால், இயன்றால் அமாவாசையை ஒட்டிய வாரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். சில ஆண்டுகளில் மகாளய அமாவாசை காலாண்டு விடுமுறையிலேயே வந்துவிடுகிறது. ஆனால் நிலவுக்காக விடுமுறையைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. இரவுகளின் எண்ணிக்கைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஓர் இரவில் வானம் தெளிவதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், மூன்று இரவுகள் தங்குபவருக்கு ஒருமுறையாவது தெளிந்த வானம் கிடைக்கும் வாய்ப்பு 70 சதவீதம், ஐந்து இரவுகள் தங்குபவருக்கு 87 சதவீதம். மேகம் சில நாள்கள் சேர்ந்தாற்போல நிற்கும் இயல்புடையது என்பதால் நடைமுறையில் இதைவிடச் சற்றுக் குறையும். ஆகவே ஐந்துக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது.

செப்டம்பர் இறுதியில் போக நினைப்பவர்கள் விசா விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஐரோப்பியக் கோடைச் சுற்றுலாவுக்கான கூட்டம் மே, ஜூன் மாதங்களில் நேர்முக நேரங்களை நிரப்பிவிடும். ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிட்டால் நிம்மதி. நார்வே, சுவீடன், பின்லாந்து மூன்றுக்கும் ஒரே விசா என்பதால், வானம் மூடிக்கொண்டால் எல்லை தாண்டிப் போகவும் தடையில்லை.

இனி தம்பியின் குடும்பத்துக்கு வருகிறேன். அவனுடைய மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. சின்னவன் எட்டரை மணிக்குமேல் விழித்திருப்பதில்லை. பெரியவள் பனியைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள். டிசம்பரை இவர்களுக்கு நான் மறுத்துவிட்டேன். மாமியாரை வைத்துப் பார்த்தால் செப்டம்பர், பெரியவளை வைத்துப் பார்த்தால் மார்ச். சின்னவனுடைய தூக்கத்தைக் கணக்கில் கொண்டால் ஆறு மணிக்கே இருளும் பிப்ரவரி நடுப்பகுதி. இரண்டு பிள்ளைகளுக்கும் பொருந்துவது பிப்ரவரி என்பதால், அதன் மூன்றாம் வாரத்தில் ஆறு இரவுகள், நகருக்குள் வராமல் குவாலோயாவில் வாசலிலேயே வானம் தெரியும் ஒரு வீடு, வழுக்கும் சாலையில் தானே ஓட்டாமல் விமான நிலையத்திலிருந்து ஓட்டுநரோடு வாடகைக் கார், மாமியாருக்கு முதல் நாளே பூட்ஸில் மாட்டும் இரும்புப் பற்கள் என்று முடிவாகியிருக்கிறது. பள்ளிக்கு விடுப்புக் கடிதத்தைச் சென்ற வாரம் அவன் மனைவி கொடுத்துவிட்டாள்.